மலைக்கு இஸ்திரி போட்டவன்

முப்பது ஆண்டுகளுக்கு முன் லான்சோ நேப்பியர் தன் கையால் சமன்செய்த நிலம் இது. கிழக்குக் கென்டக்கியின் அந்த மலையுச்சியைப் பிளந்து, நிலக்கரியை அள்ளிக்கொண்டு, எஞ்சிய கல்லையும் மண்ணையும் கம்பெனி திரும்பக் கொட்டியபோது, அதன்மேல் புல்டோசரை ஓட்டி மேசைபோல் ஆக்கியவன் அவன். எஞ்சின் மூடியின்மேல் காப்பிக் கோப்பையை வைத்துக்கொண்டு நிலத்தின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை ஓட்டுவான். ஒரு சொட்டுச் சிந்தாது. அந்தக் கோப்பையின் கதை ஊருக்கே மனப்பாடம். அறுபத்தெட்டு வயதில் அவனிடம் மிஞ்சியிருந்த பெருமை அது ஒன்றுதான்.

அந்தப் பெருமையின்மேல்தான் டெல்ஃபியா தன் அளவுக் கம்பியை ஊன்றினாள்.

மண்ணையும் மரஞ்செடிகளையும் அளந்து, நிலம் தேறிவிட்டதா என்று அரசுக்கு எழுதிக்கொடுப்பது அவள் வேலை. தேறியது என்று எழுதினால் கம்பெனி கையைக் கழுவிக்கொண்டு போய்விடும். தேறவில்லை என்றால் திரும்பி வந்து உழைத்தாக வேண்டும். அன்றைய வேலை நினைவிருப்பவன் என்று லான்சோவையும் கூட அழைத்து வந்திருந்தாள்.

கம்பி நான்கு விரற்கடை இறங்கி நின்றது. அவள் முழு உடம்பையும் சாய்த்து அழுத்தினாள். கைப்பிடியிலிருந்த அழுத்தமானியின் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டதே தவிர, கம்பி அசையவில்லை.

"என்ன லான்சோ, மண்ணா இது? உன் மண்டையைவிடக் கெட்டியா இருக்கே!"

"புல்லு முழங்கால் உசரம் நிக்குதுல்ல, அதைப் பாரேன்."

"பாத்தாச்சு. நூத்துக்குத் தொண்ணூறு மூடியிருக்கு. ஆனா புல்லு மட்டும்தான். இந்த மேட்டுல ஒரே ஒரு மரம் காட்டு, இந்தக் கம்பியை நான் தின்னுடறேன்."

லான்சோ புல்லை விலக்கிக்கொண்டு நடந்தான். ஒரு காலத்தில் இங்கே இல்லாத மரம் எது? ஓக் நின்றது, ஹிக்கரி நின்றது, அவற்றின் நிழலில், பனி உருகிய முதல் வாரத்தில், காட்டுப்பூண்டு கம்பளம் விரித்தது. லான்சோ, டெல்ஃபியா, வெர்டி மூவரும் அதைப் பச்சையாகத் தின்றுவிட்டுப் பள்ளிக்குப் போவார்கள். நாற்றம் தாங்காத ஆசிரியை மூவரையும் வீட்டுக்குத் துரத்துவாள். துரத்தப்பட வேண்டும் என்பதற்காகவே தின்றது! அந்த வெர்டிதான் பின்னாளில் அவன் மனைவியானாள். அவள் மறைந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன.

சமன்செய்த நிலத்தை ஊர் கூடிப் புகழ்ந்த நாளில் வெர்டி மட்டும் சொன்னாள்: "மலைக்கு இஸ்திரி போட்டுட்டியே, பாவி!" இரண்டு நாள் அவன் அவளோடு பேசவில்லை.

வடக்கு ஓரத்துக்கு வந்தார்கள். அங்கே, மேடும் பள்ளமுமாய்க் கிடந்த ஒரு துண்டு நிலத்தில், துலிப் மரங்கள் வீட்டுக் கூரைகளை மிஞ்சி நின்றன. டெல்ஃபியா கம்பியை ஊன்றினாள். அது கைப்பிடிவரை வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அவள் திரும்பி அவனைப் பார்த்தாள். "இது தோண்டாத பழைய மலையா, இல்ல நீங்க கொட்டினதா? கம்பெனி வரைபடத்துல ஒண்ணுமே இல்ல."

"ரெண்டுல எதுவா இருந்தா என்ன?"

"தோண்டாத இடம்னா இதை அளவுல சேர்க்க முடியாது. மிச்சத்துக்கு, சட்டம் கேட்ட புல்லைக் காட்டி 'தேறிடுச்சு'ன்னு எழுதித்தான் ஆகணும். கொட்டினதுன்னா கதையே வேற. அதே கல்லு, அதே மண்ணு, அதே வருஷம். இங்க காடு, அங்க சிமென்ட் தரை. அப்போ குத்தம் மண்ணுல இல்ல, அழுத்தின கையில. முழுசையும் கிழிச்சுப் போட்டு மரம் நடச் சொல்லுவேன்."

முந்தின நாள்தான் கம்பெனி ஆள் போனில் தேனாய்ப் பேசியிருந்தான்: "பழைய மலைன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க பெரியவரே. உங்க வேலைக்கும் நல்ல பேரு."

ஒரே ஒரு சொல்! அதைச் சொன்னால் கோப்பை சிந்தாது. மறுத்தால், தன் வாழ்நாள் உழைப்பு பிழை என்று தன் வாயாலேயே அறிவிக்க வேண்டும். பிழை அவனுடையது மட்டுமா? சட்டம் வழவழப்பைக் கேட்டது. கம்பெனி வழவழப்பைக் கேட்டது. மரம் என்ன கேட்டது என்று ஒருவரும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை.

அவன் தோளை ஒரு மஞ்சள் இலை உரசியது. பாவ்பாவ். அந்தப் பழச்செடி துலிப் நிழலில் புதராய் மண்டிக் கிடந்தது.

முப்பது ஆண்டுகளுக்கு முன், வேலையின் கடைசி வெள்ளிக்கிழமை. டோசரின் எண்ணெய்க் குழாய் வெடித்துவிட்டது. வெர்டி பீன்ஸும் சோளரொட்டியும் கொண்டுவந்தாள். கூடவே மடி நிறையப் பாவ்பாவ், சீத்தாப்பழம்போல் குழைந்து. இதே ஓரத்தில், சமன்செய்யாத குவியலின்மேல் உட்கார்ந்து இருவரும் தின்றார்கள், கொட்டையை யார் தூரமாய்த் துப்புவது என்று பந்தயம் வைத்தார்கள். அவன் தோற்றான். எப்போதும்போல். திங்கட்கிழமை டோசரை வேறு மலைக்குக் கொண்டுபோனார்கள். குவியல்கள் அப்படியே கிடந்தன.

லான்சோ சட்டைப்பையில் கைவிட்டு, பழுப்பேறிப்போன ஒரு காகிதத்தை எடுத்து நீட்டினான். மேஸ்திரி கொடுத்த எச்சரிக்கைச் சீட்டு. தேதியும் அவன் பெயரும் இருந்தன. 'வடக்கு ஓரம். கொட்டிய குவியல்கள் சமன்செய்யப்படவில்லை. ஒழுங்கற்ற வேலை.'

"இதை இத்தனை வருஷமா வச்சிருந்தியா?"

"நான் எங்க வச்சிருந்தேன்? நான் எரிக்கப் போனேன். வெர்டிதான் பிடுங்கி ஃபிரிட்ஜ் கதவுல ஒட்டினா. 'நீ செஞ்சதுலயே உருப்படியான வேலை இதுதான்யா'ன்னு, வர்றவங்க போறவங்களுக்கெல்லாம் படிச்சுக் காட்டுவா. காலையில கிளம்புறப்ப கையில வந்துச்சு, பையில போட்டுட்டேன்." காலடி மண்ணைக் காட்டினான். "கொட்டினதுதான் டெல்ஃபி. எழுதிக்கோ."

அவள் எழுதினாள். அவன் கையெழுத்திட்டான்.

"மண்ணைக் கிழிக்கிற மெஷினுக்குக் கொக்கி எத்தனை அடி?"

"நாலடி."

"ஓட்ட என்னைப் போடச் சொல்லு. எங்கெங்க அழுத்தினேன்னு எனக்குத்தான் தெரியும்."

"அப்போ அந்தக் காப்பிக் கோப்பை?"

"சிந்தட்டும்."

புதரடியில் விழுந்து கறுத்துக் கிடந்த ஒரு பழத்தைப் பிட்டு, பாதியை அவளிடம் கொடுத்தான். தன் பாதியைத் தின்று, மூச்சையெல்லாம் திரட்டி, இறுகிய நிலத்தை நோக்கிக் கொட்டையைத் துப்பினான். அது புல்லின் ஓரத்தைக்கூட எட்டவில்லை.

"இன்னைக்கும் வெர்டிதான் ஜெயிச்சா," என்றாள் டெல்ஃபியா.