ஒன்பது மரை

சின்ன லாரி பட்டறைக்குள் நுழைந்த சத்தத்திலேயே மெக்கானிக்கின் கையிலிருந்த ஸ்பேனர் நின்றுவிட்டது.

அந்த இன்ஜினை அவனுக்குத் தெரியும். பெயின்ட் மாறியிருந்தது, தார்ப்பாய் புதுசு. ஆனால் பானெட் ஓரத்தில் அவனே தட்டி எடுத்த நெளிவு அப்படியே இருந்தது. ஏழு வருஷத்துக்கு முன்னால் ஒரு விடிகாலையில் அவன் மனைவி ஓட்டிக்கொண்டு போன வண்டி.

கதவு திறந்தது. இறங்கியது அவள் இல்லை. ஒரு நெட்டை டிரைவர். இறங்கினான், இறங்கிக்கொண்டே இருந்தான், அவ்வளவு நீளம்.

“அண்ணே, இந்த வண்டி என்னை உதைக்குது” என்றான். “மூணாவது கியர் போட்டா லிவர் நேரா முட்டியில வந்து இறங்குது. வாங்கி ஒரு வாரம்தான் ஆகுது, முட்டி கத்திரிக்கா கலர் ஆயிடுச்சு. பாக்குறீங்களா?”

“வேணாம், பேன்ட்டை மடிக்காதே. நம்புறேன்.”

“பன்னெண்டு மணிக்கு லோடு. அதுக்குள்ள லிவரைக் கொஞ்சம் மேல ஏத்திடுங்க. வண்டியை எனக்கு ஏத்த மாதிரி மாத்தலாம். என்னை வண்டிக்கு ஏத்த மாதிரி வெட்ட முடியாதுல்ல?”

மெக்கானிக் அட்டையை விரித்து, வண்டிக்கு அடியில் சரிந்தான்.

ஸ்டீயரிங் தண்டிலேயே கியர் லிவர் இருக்கும் பழைய ரகம் அது. மேலே தூக்கினால் ரெண்டாவது, கீழே இழுத்தால் மூணாவது. அந்த அசைவைக் கியர் பாக்ஸுக்குக் கொண்டுபோக இரண்டு இரும்பு ராடுகள். ராடின் முனையில் திருகு வெட்டிய மரை, அதில் நட்டு. நட்டைத் திருகினால் ராடின் நீளம் மாறும், லிவர் நிற்கும் இடமும் மாறும்.

அவன் மனைவிக்கு ஒரு முறை மூட்டை சரிந்து தோள்பட்டை விலகியது. அப்புறம் கியர் போடும் கை தோளுக்கு மேலே எழும்பவில்லை. அவன் இதே இடத்தில் படுத்து, ராடில் பழைய இடத்துக்கு அடையாளமாக ஒரு புள்ளி குத்திவிட்டு, நாலு மரை தள்ளி நட்டை முடுக்கினான். லிவர் தாழ்ந்து வந்தது. அவள் ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து, “ரெண்டாவது கியர் தானா வந்து கையில உக்காருதுய்யா” என்றாள். அன்றைக்கு முழுக்க அவன் தரையில் நடக்கவில்லை.

அடுத்த வருஷமே வலி கூடியது. ஓட்டாதே என்று கெஞ்சினான். அவள் கேட்கவில்லை. ஒரு நாள் அவன் வாய் சும்மா இருக்கவில்லை. “கை வராதவளுக்கு வண்டி எதுக்கு?” சொன்னது ஒரு வரி. போனது ஏழு வருஷம்.

டார்ச்சை அடித்தான். புள்ளியிலிருந்து எண்ணினான். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. அங்கே இருக்க வேண்டிய நட்டு அங்கே இல்லை.

ஒன்பதில் இருந்தது.

அப்படியென்றால் அவள் கை இன்னும் இறங்கியிருக்கிறது. ஐந்து மரை அளவுக்கு.

“இந்த நட்டை யாருப்பா திருகினது?” குரலைச் சாதாரணமாக வைத்துக்கொண்டு கேட்டான்.

“வித்த அம்மாதான். வலி கூடக் கூட அவங்களே படுத்து ஒரு சுத்து இறக்கிக்குவாங்களாம். மெக்கானிக் யாரும் இல்லையான்னு கேட்டேன். ‘ஒருத்தர் இருந்தாரு’ன்னாங்க. அத்தோட பேச்சை டயர் பக்கம் திருப்பிட்டாங்க.”

எங்கே இருக்கிறாள் என்று கேட்க வேண்டும். கேட்டால் பதில் வந்துவிடும். அதுதான் பயம். யாரோடு இருக்கிறாள் என்றும் சேர்ந்து வந்தால்?

லிவரை நியூட்ரலில் நிறுத்தி, தண்டின் அடியில் ராடுகளை இழுக்கும் இரண்டு இரும்புக் கைகளின் ஓட்டையும் நேராக வரும்படி ஒரு ஆணியைச் செருகினான். நேர்கோடு தப்பினால் ஒன்றுக்கும் ரிவர்ஸுக்கும் நடுவில் கியர் சிக்கிக்கொள்ளும். அப்புறம் நட்டைத் திருப்பினான். அவள் திருகிய ஐந்து போனது. அவன் திருகிய நாலும் போனது. அடுத்த ராடிலும் அதே கணக்கு.

நட்டு நகராமல் பிடிக்கும் லாக் நட்டுக்கு வந்தபோது கை தயங்கியது.

விரலால் மட்டும் முடுக்கி விட்டால்? நாலு நாளில் தளர்ந்துவிடும். நெட்டை திட்டிக்கொண்டே திரும்பி வருவான். அதற்குள் கேட்கத் தைரியம் வந்தாலும் வரும். ஆனால் ஏற்றத்தில், முழு லோடோடு, கியர் சிக்கினால்?

சீ என்று ஆனது அவனுக்கு. இரண்டு கையாலும் உடம்பு பாரத்தைப் போட்டு இறுக்கினான். இந்த வேலைக்காக இந்த வண்டி இனிமேல் திரும்பி வராது. கேட்டால் இப்போது கேட்க வேண்டும்.

“தம்பி, அந்தம்மா எங்க இருக்காங்க?”

நெட்டையின் முகம் தலைகீழாக வண்டிக்கு அடியில் தொங்கியது. “ஏன்ணே, தெரிஞ்சவங்களா?”

“என் வீட்டுக்காரி.”

“அட! அந்த ‘ஒருத்தர்’ நீங்கதானா? மல்லாக்கப் படுத்துக்கிட்டு குடும்பக் கதை சொல்ற ஆளை இன்னைக்குத்தான் பாக்குறேன்.” பிறகு அவன் குரல் தணிந்தது. “அணைக்கட்டு தாண்டி ஒரு செங்கல் சூளை. பக்கத்துலயே வீடு, தனியாத்தான் இருக்காங்க. கை சுத்தமா வரலைண்ணே. அதான் வித்துட்டாங்க. நான் வண்டியை எடுத்ததும் வீட்டுக்குள்ள போயிட்டாங்க, திரும்பியே பாக்கலை. லோடு ஏத்த இப்பவும் அங்கதான் போறேன்.”

மெக்கானிக் அன்று சொன்ன ஒரு வரி பலித்துவிட்டது. மார்பில் ராடு இறங்கியது மாதிரி இருந்தது.

வெளியே வந்து மண்ணெண்ணெயில் கை கழுவினான். சோப்புப் போட்டு இன்னொரு முறை கழுவினான். சட்டையை மாற்றிக்கொண்டு ஷட்டரை இழுத்து விட்டான்.

“என்னண்ணே, கடையைச் சாத்துறீங்க?”

“கியர் ரோட்டுல எப்படி விழுதுன்னு பாக்கணும்.”

“எவ்வளவு தூரம்?”

“சூளை வரைக்கும்.”

நெட்டை சிரிப்பை அடக்கிக்கொண்டு ஏறினான். மூணாவது கியர் முட்டிக்கு நாலு விரல் மேலேயே நின்றது. “பிரமாதம்!” என்று தொடையைத் தட்டினான்.

மெக்கானிக் காதில் அது விழவில்லை. “ஒழுங்கா சாப்பிடுறாளா?”

“நான் வண்டிதாண்ணே வாங்கினேன்.”

பக்கத்து சீட்டில் மெக்கானிக் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். “முடி நரைச்சிருக்கா?”

“முன்னால கொஞ்சம்.”

ஏழு வருஷத்துக்கு முந்தைய அந்த முகத்தில் அந்தக் கொஞ்சம் நரையை வைத்துப் பார்த்தான். வரவில்லை. முகம் நழுவிக்கொண்டே போனது.

“கொஞ்சம் வேகமாப் போகலாமா?”

“நாலாவது கியர் கிடையாதுண்ணே இதுக்கு.”

“தெரியும்” என்றான் மெக்கானிக். ஆனாலும் அவன் வலது கால், எந்தப் பெடலும் இல்லாத தரையை அழுத்திக்கொண்டேதான் இருந்தது.