உட்கார்ந்த குற்றம்

வாரம் ஒருமுறை பத்து நிமிஷம் பேசிப் பதிவு செய்து வாட்ஸப்பில் போடுவது என் வழக்கம். நான் அன்னாள், பீருமேடு கோர்ட்டில் வக்கீல். கேஸ் குறைவு, வாய் அதிகம், அதனால் இந்த ஏற்பாடு. முதலில் அந்த வாரத்துச் செய்தி ஒன்று, அடுத்து அதற்கான சட்டம், கடைசியில் என் சொந்த யோசனை. அந்தக் கடைசிப் பகுதிக்காகத்தான் நான் மண்டையை உடைத்துக்கொள்வேன். அதைத்தான் யாரும் கேட்பதில்லை என்று என் வீட்டுக்காரர் வினோ வாராவாரம் ஞாபகப்படுத்துவார்.

அந்த வாரம் எங்கோ ஒரு துணிக்கடையில் விற்பனைப் பெண்களுக்கு நாற்காலி போடவில்லை என்று கடைக்காரர் மேல் கேஸ் போட்டிருந்தார்கள். கடையில் வேலை செய்கிறவர்களுக்கு உட்கார இடம் தர வேண்டும் என்ற சட்டம் கேரளத்தில் சில வருஷங்களாகவே உண்டு. அதைச் சொல்லிவிட்டு என் பகுதிக்கு வந்தேன். நிற்பது வேலையா, மரியாதையா என்று கேட்டேன். சேலையை எடுத்துக் காட்ட நிற்க வேண்டும், சரி. கடையில் ஈ காக்கை இல்லாதபோது அந்தப் பெண் யாருக்காக நிற்கிறாள்? அவள் உட்கார்ந்தால் வேலை கெடுமா, பார்க்கிறவரின் கௌரவம் கெடுமா? தேயிலைக் கொழுந்துச் சாக்கோடு எடைக்குக் காத்து நிற்கிற நம் எஸ்டேட் பெண்களும் உட்காரலாம், தப்பே இல்லை என்று முடித்தேன். முடித்தபோது எனக்கே என்னை ரொம்பப் பிடித்துப்போனது.

ஏலப்பாறைக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் ஜின்சன் யூனியன் செயலாளர். அவன் என் பேச்சின் வாலை மட்டும் வெட்டியெடுத்து, திங்கட்கிழமை காலை பெரட்டு மைக்கில் போட்டுவிட்டான். பெரட்டு என்பது வேலைக்குப் போகுமுன் எல்லோரும் கூடிப் பேர் கொடுக்கிற இடம். ஏழாம் நம்பர் காட்டில் கொழுந்து பறிப்பு, வியாழக்கிழமை லீவு என்றுதான் அந்த மைக்கில் வரும். வருவதெல்லாம் உத்தரவு, வந்த நேரத்திலிருந்து அமல். ஒரு தனிமனுஷியின் கருத்து அதில் வந்ததாக எஸ்டேட் சரித்திரத்திலேயே கிடையாது. ஆகவே என் குரலைக் கேட்ட அத்தனை பேரும், உட்காரச் சட்டம் வந்துவிட்டது என்றே எடுத்துக்கொண்டார்கள்.

எடை போடும் இடத்தில் சூப்பர்வைசர் வந்து தராசை மாட்டும்வரை வரிசையில் நிற்க வேண்டும், மழையோ வெயிலோ. அன்றைக்கு, கொழுந்து பறிக்கிற குருவம்மாள் அக்கா இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை அவிழ்த்து, தரையில் விரித்து, காலை நீட்டி உட்கார்ந்தார். அவ்வளவுதான், வரிசை முழுக்க உட்கார்ந்துவிட்டது. பாட்டும் சிரிப்புமாகக் கல்யாண வீடு தோற்றது என்று பிறகு சொன்னார்கள். சூப்பர்வைசர் சந்தனம் வந்தபோது ஒருத்தரும் எழுந்திருக்கவில்லை. அவர் தொண்டை கிழியக் கத்த, புது உத்தரவு அவருக்கு இன்னும் வந்து சேரவில்லையா என்று குருவம்மாள் அக்கா கரிசனத்தோடு விசாரித்திருக்கிறார்.

மறுநாள் அக்காவுக்கு மட்டும் மெமோ வந்தது. மேலதிகாரிக்குக் கீழ்ப்படியவில்லை, மற்றவர்களையும் தூண்டிவிட்டார், வெள்ளிக்கிழமை விசாரணை. குற்றம் உறுதியானால் வேலை போகும். வேலை போனால், அவரும் மகள் ஆனந்தியும் இருக்கிற, எஸ்டேட் கொடுத்த லயத்து வீடும் போகும்.

மெமோவோடு என் வீட்டுக்கு வந்தவர் கொஞ்சமும் கலங்கவில்லை. சட்டம் கையில் இருக்கும்போது எதற்குக் கலங்க வேண்டும்? அந்தச் சட்டம் கடைக்கு மட்டும்தான், தேயிலைக் காட்டுக்கு இல்லை, நான் சொன்னது வெறும் யோசனை என்று விளக்குவதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. அவர் என் முகத்தையே பார்த்தார்.

"யோசனைய எதுக்கு தாயி மைக்குல சொன்ன?"

ஜின்சனைப் போனில் பிடித்து வறுத்தெடுத்தேன். முதல் எட்டு நிமிஷம் தூக்கம் வந்தது, கடைசி இரண்டு நிமிஷம்தான் உயிரோடு இருந்தது, அதனால்தான் போட்டேன் என்றான். அவ்வளவு கோபத்திலும் எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது. வினோவைக் கூப்பிட்டு, போனை ஸ்பீக்கரில் போட்டு, அதை இன்னொரு தடவை சொல்லும்படி ஜின்சனிடம் சொன்னேன்.

இப்படிப்பட்ட விசாரணைக்கு வக்கீலை உள்ளே விடமாட்டார்கள். ஆனால் பேசியவளே நான் என்பதால் சாட்சியாக வரச் சொன்னார்கள். யூனியன் சார்பில் ஜின்சன் வந்திருந்தான். மேனேஜர் ஜோஜோ இளவயசு மலையாளி, கெட்டவர் இல்லை, ஒழுங்கு என்ற வார்த்தையில் மட்டும் அவருக்குக் கொஞ்சம் அதிகப் பிரியம். நானும் ஜின்சனும் உட்கார்ந்தோம். குருவம்மாள் அக்கா வழக்கப்படி மேஜைக்கு முன்னால் நின்றார்.

காட்டில் உட்காரச் சட்டம் இருக்கிறதா என்று மேனேஜர் என்னைக் கேட்டார். இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் அன்றைக்குத் தப்பிக்கலாம். பொய் சொல்லி ஜெயிப்பதற்கு நான் வக்கீலுக்குப் படித்திருக்க வேண்டியதில்லை. இல்லை என்றேன். ஜின்சன் தலையில் கைவைத்துக்கொண்டான். ஆனால் எடைக்கு நிற்க வேண்டும் என்று எஸ்டேட் விதியில் எங்கே இருக்கிறது, காட்டுங்கள் என்றேன். அவர் விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். இல்லை. எல்லாவற்றையும் எழுதிவைக்க முடியாது, மேலதிகாரி வந்தால் நிற்பது ஒரு மரியாதை என்றார். அப்படியானால் அது வேலை இல்லையே என்று பிடித்தேன். அதெல்லாம் தத்துவம், வாட்ஸப்புக்கு நன்றாக இருக்கும், இங்கே மெமோவைப் பற்றி மட்டும் பேசுவோம் என்று மூடிவிட்டார். என்னிடம் வேறு சரக்கு இல்லை. ஆனந்தியின் முகம் நினைவுக்கு வந்தது.

மேனேஜர் முடிவை எழுத வெள்ளைத்தாளை எடுத்துப் பேனாவைத் திறந்தார். குருவம்மாள் அக்காவைப் பார்த்துக் காலியாக இருந்த நாற்காலியைக் காட்டினார்.

"உட்காருங்க அக்கா, கொறச்சு நேரம் ஆகும்."

அவர் உட்காரவில்லை. நாற்காலியைப் பார்த்தார், மேனேஜரைப் பார்த்தார். அந்தக் குரலில் கிண்டல் ஒரு சொட்டுக்கூட இல்லை. நிஜமாகவே குழம்பிப்போய்த்தான் கேட்டார்.

"உக்காந்ததுக்குத்தான தொர மெமோ குடுத்தீக? இப்ப நீங்களே உக்காரச் சொல்றீகளே. நான் உக்காந்தாக் கீழ்ப்படிஞ்சதா, கீழ்ப்படியலையா?"

"இது வேற அக்கா. நின்னுட்டே இருந்தா கால் வலிக்குமே, அதான்..."

சொல்லி முடிப்பதற்குள் அது அவர் காதிலேயே விழுந்துவிட்டது. பேனா நின்றது. ஜின்சன் இருமுவதுபோல் நடித்துப் பார்த்தான், முடியவில்லை, வாய்விட்டுச் சிரித்துவிட்டான். மேனேஜர் காது வரைக்கும் சிவந்தார். பிறகு அவரும் சிரித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

மெமோவின் குறுக்கே நடவடிக்கை இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். எடை போடும் இடத்தில் பெஞ்சு போடத் தச்சரைக் கூப்பிடும்படி வெளியே பார்த்துச் சத்தம் கொடுத்தார். எனக்குச் சந்தோஷத்தில் என்ன செய்வதென்று தெரியவில்லை, ஜின்சனின் தோளில் ஓங்கி ஓர் அடி வைத்தேன்.

குருவம்மாள் அக்கா மெமோவை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிறகு யாரையும் கேட்காமல் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.