கறியில்லாத் தீபாவளி

விடிய எண்ணெய் தேய்த்துக் குளி, புதுச்சட்டையைப் போடு, செத்துப்போன அப்பனின் படத்துக்கு முன்னால் ஆட்டுக்கறியும் ஒரு மடக்குச் சாராயமும் வை, பிறகு அந்தப் படையலை நீயே தின்று தீர். ஹாலிஎலப் பக்கத் தேயிலைத் தோட்டத்துச் சிவஞானத்துக்குத் தெரிந்த தீபாவளி இவ்வளவுதான். அதில் ஒரு வருஷம்கூடக் குறை வந்ததில்லை.

இந்த வருஷம் வந்தது. மகள் துஷாந்தினியும் அவளோடு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிற தினேஸும் ஒருவரையொருவர் விரும்பிவிட்டார்கள். தினேஸ் வடக்கே சாவகச்சேரிப் பையன். அவர்கள் வீட்டில் தீபாவளி என்றால் கேதாரகௌரி விரதம், கோயில், கையில் காப்பு நூல். "தோட்டத்து ஆக்களுக்குத் தீபாவளியெண்டா இறைச்சியும் குடியும்தானே" என்று இழுத்துக்கொண்டிருந்த அவனுடைய அம்மா, தீபாவளியன்றே பெண் பார்க்க வருகிறேன் என்று சொல்லிவிட்டாள். வேண்டுமென்றே பார்த்த நாள்தான், வேறென்ன.

சிவஞானத்தின் மனைவி கலாராணி சட்டம் போட்டாள். "கறி வாசம் வந்துச்சு, அம்புட்டுதான். புள்ளைக்கு இந்த எடம் தட்டிப்போச்சுன்னா ஒங்க மொகத்துலயே முழிக்க மாட்டேன்."

லயத்து வீட்டு வரிசையில் எல்லோரும் சேர்ந்து வெட்டிய ஆட்டில் தன் பங்கை, பக்கத்துக் காம்பரா மத்தேயுவுக்கே சிவஞானம் கொடுத்துவிட்டான். வேதக்காரன் வீட்டில் தீபாவளிக் கறி கொதித்தது. சிவஞானத்தின் அப்பன் படத்துக்கு முன்னால் சாம்பாரும் வாழைக்காய் வறுவலும் இருந்தன. அந்த மனுசன் உயிரோடிருந்தபோது வாழைக்காயைக் கண்டாலே எழுந்து போய்விடுவார். மகளுக்காக என்று சிவஞானம் பல்லைக் கடித்துக்கொண்டான்.

தினேஸின் அம்மா புருஷனோடு வந்தாள். மூக்கால் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள்.

"அது வேதக்காரங்க வீட்டு வாசங்கம்மா," கலாராணி முந்திக்கொண்டாள். "நாங்க எப்பவுமே மரக்கறிதான். இவருக்குக் கறின்னாலே கொமட்டும்."

சாப்பிட்டுக் கைகழுவ வெளியே வந்த தினேஸின் அப்பா கந்தப்பன், மத்தேயு வீட்டுப் பக்கம் பார்த்தபடி கொஞ்சநேரம் நின்றார். பிறகு சிவஞானத்தின் காதருகே குனிந்தார்.

"தம்பி, உங்கட பக்கம் தீபாவளிக்கு ஆட்டிறைச்சி எண்டு சொன்னவை. அதை நம்பித்தான் நான் பஸ் ஏறினனான். எங்கயாவது ஒளிச்சு வச்சிருக்கிறீங்களோ?"

சிவஞானத்துக்கு வாயூறியது. ஆனால் காலையில் வேலைக்குப் பெயர் கொடுக்கும் பெரட்டுக்களத்தில் எத்தனை கணக்கப்பிள்ளைமார் இப்படிச் சிரித்துப் பேசி அவன் வாயைக் கிளறியிருக்கிறார்கள். மனுசன் ஆழம் பார்க்கிறார் என்று நினைத்துவிட்டான் பாவி.

"எங்கப்பா மேல சத்தியமாங்க. மூணு தலமொறையா இந்த வீட்டுல கறி வெந்ததில்லைங்க."

கந்தப்பனின் முகம் தொங்கிப்போயிற்று. அது ஆழம் பார்க்க வந்தவனின் முகமில்லை, அசல் கறிப்பசிதான் என்று சிவஞானத்துக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னதை மாற்ற வாயெடுப்பதற்குள், வாசலில் நின்ற தினேஸின் அம்மா கையைக் கூப்பிவிட்டாள்.

"மூண்டு தலைமுறையாம்! எங்கட ஊரிலயே இப்பிடி ஒரு குடும்பம் இல்லை. எனக்குப் பூரண சம்மதம். இனி வருஷா வருஷம் நாங்கள் இஞ்ச வந்து உங்களோடதான் விரதம் இருப்பம்."

"வாங்க சம்பந்தி, அதுக்கென்ன," என்றாள் கலாராணி. உள்ளே துஷாந்தினி சிரிக்கும் சத்தம் கேட்டது.

சிவஞானத்துக்குக் கண்ணில் தண்ணீர் முட்டிவிட்டது. அதைப் பார்த்ததும் கந்தப்பனுக்கு எல்லாம் விளங்கியது. பெருமூச்சு விட்டபடி அவன் தோளில் கைபோட்டார்.

"பொய்ச் சத்தியத்தை உம்மோட நிப்பாட்டியிருக்கலாமே தம்பி. மற்ற ரெண்டு தலைமுறையையும் ஏன் இழுத்தனீர்?"