நான்காவது கயிறு

அன்செல்ம் மறுபடியும் வாசலுக்கு வந்து தெருக்கோடியைப் பார்த்தார். கிளப்பிலிருந்து இன்னும் யாரும் வரவில்லை.

அக்கா யூலாலியின் சவப்பெட்டி வாசலில் இருந்தது. அதன்மேல் கறுப்புத் துணி. நான்கு மூலைகளிலும் தொங்கும் கயிறுகள். கோவில்வரை அவற்றைப் பிடித்து நடப்பது இறந்தவருக்கு வேண்டிய நால்வரின் உரிமை. நான்கையும் டென்னிஸ் கிளப் கனவான்களுக்கென்று அன்செல்ம் ஒதுக்கியிருந்தார். யூலாலி வாஸர், போருக்கு முன் மூன்று ஆண்டுகள் தொடர்ந்து பிரான்சின் சாம்பியன் அல்லவா?

வந்தவர்கள் மீன்சந்தைப் பெண்கள்தான். குருத்தோலை ஞாயிறன்று மந்திரித்த பசுங்கிளையைத் தீர்த்தத்தில் நனைத்து, ஒவ்வொருத்தியாகப் பெட்டிமேல் தெளித்தார்கள்.

"கொஞ்சமாத் தெளிடி ஒதில். டீச்சருக்கு மழைன்னாலே ஆகாது," என்றாள் பருத்த ஜெர்மேன்.

"மழையை விடு. நீ அடிக்கிற பந்துதான் அவங்களுக்கு ஆகாது. நேரா கடல்லதான் விழும்."

யாரோ சிரித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

பூக்கடை வண்டி வந்து ஒரு மலர்வளையத்தை இறக்கிவிட்டுப் போனது. 'எங்கள் செயலாளரின் துக்கத்தில் பங்குகொள்கிறோம்' என்றது பட்டு நாடா. யூலாலியின் பெயர் அதில் இல்லை.

போருக்குப் பிறகு வீட்டில் ஒன்றும் மிஞ்சவில்லை. யூலாலி இந்தப் பெண்களுக்கு டென்னிஸ் ஆடக் கற்றுக்கொடுத்தாள். அவர்கள் கூலியை மீனாகக் கொடுத்தார்கள். ஆட்டத்துக்குக் கூலி வாங்கியவளின் பெயர் சாம்பியன்கள் பலகையில் இருக்கக்கூடாது என்றது கிளப். அந்த முடிவுக்குச் செயலாளர் அன்செல்மும் கை தூக்கினார். அன்றிரவு அக்கா அவர் தட்டில் கானாங்கெளுத்தியை வைத்து, "முள்ளு பாத்துச் சாப்பிடு தம்பி" என்றாள். அதற்குமேல் அவள் அதைப் பற்றி ஒருநாளும் பேசவில்லை.

பங்குச்சாமியார் அருகில் வந்தார்.

"நேரமாச்சு அன்செல்ம். கயிறு யாரு பிடிக்கிறாங்க?"

பெண்கள் தரையைப் பார்த்தார்கள். கயிற்றை ஒருத்தியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"ஜெர்மேன்… நீங்க பிடிக்கிறீங்களாம்மா?"

"மீன் நாத்தம் அடிக்குமே ஐயா. எத்தனை சோப்பு போட்டாலும் போகாது."

"அடிக்கட்டும்மா."

ஜெர்மேன், ஒதில், இன்னொருத்தி என்று மூவர் வந்து பிடித்தார்கள். நான்காவது கயிற்றுக்குக் கை நீட்டிய பெண்ணை ஜெர்மேன் தடுத்தாள்.

"அதை விடு. அது தம்பியோடது."

"எனக்கு அந்த யோக்கியதை இல்லம்மா," என்றார் அன்செல்ம். "அன்னைக்கு நானும் கை தூக்கினேன்."

"தெரியும் ஐயா. ஊருக்கே தெரியும். பிடிங்க, சாமி நிக்கிறாரு பாருங்க."

அவர் பிடித்தார். ஊர்வலம் சந்தைத் தெருவுக்குள் திரும்பியது. வழியில் கூடைகளோடு நின்றவர்கள் தொப்பியைக் கழற்றினார்கள். அன்செல்ம் தலை நிமிரவில்லை.

கொஞ்சதூரம் போனபின் ஜெர்மேன் அவர் கையைப் பார்த்தாள். விரல்கள் வெளுத்துக் கிடந்தன.

"இவ்வளவு இறுக்காதீங்க ஐயா," என்றாள் மெதுவாக. "மட்டையை இப்படிப் பிடிச்சா டீச்சர் எங்களை என்ன திட்டுத் திட்டுவாங்க! படி இறங்குற கிழவரோட கையைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கணுமாம்."

அவர் விரல்களைச் சற்றே தளர்த்தினார். கயிறு அவர் உள்ளங்கையில் லேசாக ஆடியபடி வந்தது.