மைக் அக்கா வாய் திறந்தாள்

காலை எட்டே கால். சட்டமன்ற உறுப்பினரின் அலுவலகத்தில் மைக் அக்கா வாயை இறுக மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

காரணம் இருந்தது. தேர்தலில் தோற்றுப்போன வேட்பாளருக்காக ஆட்டோவில் மைக் பிடித்துத் தெருத் தெருவாக முழங்கியது அவள்தான். ஜெயித்த உறுப்பினர் பல் டாக்டர். "பல்லைப் பிடுங்கினவங்க இப்ப ஓட்டையும் பிடுங்க வர்றாங்க" என்று மைக் அக்கா போட்ட போட்டில் தொகுதியே சிரித்தது. ஒரு தடவை இந்தப் பக்கம், மறு தடவை அந்தப் பக்கம் என்று ஆடுகிற தொகுதி. இம்முறை நூற்றுச் சொச்சம் ஓட்டில் டாக்டரம்மா கரையேறினார். மைக் அக்காவின் முகம் யாருக்கும் தெரியாது. குரல் கைக்குழந்தைக்கும் தெரியும்.

அதனால் பேசுவதற்கு நாத்தனாரை அழைத்து வந்திருந்தாள். அரசு மருத்துவமனையில் டயாலிசிஸ் இயந்திரம் படுத்துவிட்டது. வாரம் மூன்று முறை ரத்தம் சுத்தம் செய்ய வேண்டிய மைக் அக்காவின் கணவருக்கு ஒரு முறைதான் கிடைக்கிறது. கால் வீங்கிவிட்டது. படுத்தால் மூச்சு முட்டுகிறது, உட்கார்ந்தபடியே தூங்குகிறார்.

இவ்வளவுதான் சொல்ல வேண்டும். நாத்தனாரோ டாக்டரம்மாவைக் கண்டதும் தன் கடைவாய்ப் பல்லைப் பற்றி ஆரம்பித்துவிட்டாள். எந்தப் பக்கம், எத்தனை நாளாக வலி என்று டாக்டரம்மாவும் கேட்டார். மைக் அக்கா இடுப்பில் கிள்ளினாள். நாத்தனார் நெளிந்தாள், அண்ணன் பேச்சை மட்டும் எடுக்கவில்லை.

"அம்மா, மெஷின்" என்றாள் மைக் அக்கா.

இரண்டே சொல். அந்தக் குரலுக்கு அறையே திரும்பிப் பார்த்தது. உதவியாளர் பேனாவைக் கீழே வைத்தார். வந்த காரியம் கெட்டது என்று அவள் எழுந்தாள்.

"உட்காருங்க" என்றார் டாக்டரம்மா. "வாயைத் திறக்க வைக்கிறதுதானே என் தொழில். சொல்லுங்க."

சொன்னாள். மைக் இல்லாததாலோ என்னவோ, குரல் தாழ்ந்தே வந்தது. டாக்டரம்மா மருத்துவமனைக்குப் போன் போட்டார். பிறகு இயந்திரக் கம்பெனிக்கு. பிறகு அந்தக் கம்பெனியின் மேலாளருக்கு. அவரிடம் மட்டும் குரல் கொஞ்சம் ஏறியது.

வாசல் வரை வந்த உதவியாளர், ரொம்ப உருகிவிட வேண்டாம், நூறு ஓட்டில் தொங்கும் தொகுதியில் யாரையும் திருப்பி அனுப்ப முடியாது என்றார். இருக்கட்டுமே என்று நினைத்தாள் மைக் அக்கா. பயத்தில் சரி செய்த இயந்திரத்திலும் ரத்தம் சுத்தமாகும். இப்படி ஆடுகிற தொகுதிக்கு வாழ்க்கைப்பட்டு வந்ததை எண்ணி மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டாள்.

மறுவாரம் இயந்திரம் ஓடியது. கணவர் மல்லாந்து படுத்துத் தூங்கினார். குறட்டை அடுத்த கட்டில் வரை கேட்டது. மருத்துவமனையைப் பார்வையிட வந்த டாக்டரம்மாவிடம் நன்றி சொல்ல வாயெடுத்தாள் மைக் அக்கா. மணிக்கணக்கில் மைக்கைப் பிடித்த கையால் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா கையை விடுவித்துக்கொள்ளவில்லை. குறட்டையைக் கேட்டுச் சிரித்தார்.

"நன்றியெல்லாம் இருக்கட்டும். அடுத்த தேர்தல்ல ஆட்டோவுல ஏறினா, அந்தப் பல்லு விஷயத்தை மட்டும் விட்டுடுவீங்களா?"