பத்துச் சீட்டோடு போன முத்தாயி

"வணக்கம்!" என்று ஒலிபெருக்கி அலறியதில், வெங்காயக் காட்டில் மேய்ந்த கொக்குகள் வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் பறந்தன. வரப்போரம் நின்ற ஆட்டோவிலிருந்து குழந்தைவேல் முழங்கினான்: "நாளை குன்னம் பள்ளிக்கூடத்தில் தாய்மார்களுக்கு இலவச... இலவச..." அடுத்து வரவேண்டிய 'மார்பக' என்ற சொல்லை மென்று விழுங்கிவிட்டு, "புற்றுநோய்ப் பரிசோதனை!" என்று முடித்தான்.

"எதுல புத்துன்னு முழுசாச் சொல்லுய்யா!" என்றாள் வளர்மதி. காது சிவந்த குழந்தைவேல், முகாமுக்கான பத்துச் சீட்டை வரப்பில் வைத்துவிட்டு ஆட்டோவைக் கிளப்பினான்.

வெங்காயம் பிடுங்கிக்கொண்டிருந்த பத்துப் பெண்களும் சிரித்தார்கள். மூத்தவள் முத்தாயியின் சிரிப்புத்தான் உரக்கக் கேட்டது. காரணம் இருந்தது. நாலு மாதமாக அவள் இடது மார்பில் ஒரு கட்டி சொல்லாமல் கொள்ளாமல் குடியேறியிருந்தது. புருஷனுக்குக்கூடத் தெரியாது.

"மண்ணெண்ணெய்க்கு ஒருத்திதானே பத்து ரேஷன் கார்டையும் தூக்கிட்டுப் போறோம்? இதுக்கு நீயே போயிட்டு வாக்கா" என்று வளர்மதி எல்லாச் சீட்டையும் அவள் மடியில் திணித்தாள்.

"எனக்கு வேற பொழப்பில்ல பாரு" என்று முத்தாயி சலித்துக்கொண்டாள். மனசுக்குள் செட்டிகுளம் முருகனுக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டாள்.

மறுநாள் பள்ளிக்கூடத்தில் நர்ஸ் தேவயானியிடம் பத்துச் சீட்டையும் நீட்டினாள்.

"எல்லாரும் ஒரே கூழுதாங்க குடிக்கிறோம். என்னையப் பாத்துட்டு அவளுவளுக்கும் அதையே எழுதிக்குங்க."

"நீங்க சாப்பிட்டா அவங்க வயிறு நெறையுமா?" என்றபடி திரையை இழுத்துவிட்டு, தேவயானி தடவிப் பார்த்தாள். கை ஓரிடத்தில் நின்றது.

"பயப்படாதீங்க. இந்த மாதிரிக் கட்டியில பாதிக்கு மேல சாதுக் கட்டிதான், புத்து இல்ல. ஆனா கை வச்சு அதைச் சொல்ல முடியாது. திருச்சிப் பெரியாஸ்பத்திரிக்கு எழுதித் தரேன். மார்புக்குன்னே ஒரு எக்ஸ்ரே, அப்புறம் ஸ்கேன். வேணும்னா ஊசி வச்சுக் கொஞ்சம் எடுத்துப் பாப்பாங்க."

"எக்ஸ்ரே வலிக்குங்களா?"

"ரெண்டு தட்டுக்கு நடுவுல வச்சு அமுக்குவாங்க. ஒரு நிமிஷம்தான்."

"அப்பளம் போடற மாதிரி! சரி, கட்டி இல்லாதவளுக்கு?"

"மாசாமாசம் அவங்களே தடவிப் பாத்துக்கணும். அப்பப்ப எங்ககிட்டயும் காட்டணும். நாப்பது தாண்டினா டாக்டரைக் கேட்டு அந்த எக்ஸ்ரே. ஆளாளுக்கு வேறங்க."

"வெளிய யாருக்கும் சொல்லிடாதீங்க" என்று கெஞ்சிவிட்டு முத்தாயி திரையை விலக்கினாள். எதிரே ஒன்பது பேரும் வரிசையில் நின்றார்கள்.

"சீட்டைத்தான் எங்கிட்டக் குடுத்தீங்களே, அப்பறம் எதுக்குடி வந்தீங்க?"

வளர்மதி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பம்புசெட்டுல குளிக்கறப்பவே உன் கட்டியைப் பாத்துட்டோம்க்கா, வான்னா வரமாட்டேன்னுதான் சீட்டைக் குடுத்து அனுப்புனோம்."