எந்த வருடத்திலிருந்து எண்ணுவது

நான் போய்ச் சேர்ந்தபோது அண்ணன் தரையில் குப்புறப் படுத்து, சுவரோரமாகப் போகும் வெந்நீர்க் குழாயில் காதை வைத்திருந்தான். ஐம்பத்து மூன்று வயது ஆள். சீருடையின் முழங்காலும் முழங்கையும் நனைந்து கறுத்துக் கிடந்தன. என்னைக் கண்டதும் எழுந்திருக்காமல், பேசாதே என்று விரலை உதட்டில் வைத்துக் காட்டினான். மதிய இடைவேளை. கலவை இயந்திரங்கள் எல்லாம் நின்றிருந்தன. அந்த அரைமணி நேரம்தான் இந்தத் தொழிற்சாலையில் தண்ணீர் சொட்டும் சத்தம் காதில் விழும் என்று பிறகு சொன்னான்.

"என்னண்ணா பண்ற?"

"எங்கயோ ஒழுகுது பாப்பா. கண்டிப்பா ஒழுகுது. இல்லன்னா நாலு சதவீதம்னு வராது."

எனக்கு நாற்பத்தாறு வயது. அழகு சாதனங்கள் செய்யும் இந்த நிறுவனத்தின் தலைமை அலுவலகத்தில், சுற்றுச்சூழல் பிரிவுக்குப் பொறுப்பு. அங்கே எல்லோருக்கும் மேடம், இவனுக்கு மட்டும் இன்னும் பாப்பா. அந்த நாலு சதவீதத்தை அறிக்கையில் எழுதியவள் நான்தான்.

இது நிறுவனத்தின் பழைய தொழிற்சாலை. அண்ணன் இங்கே டேங்க் கழுவும் பகுதியின் மேற்பார்வையாளன். முகத்துக்குப் பூசும் கிரீமை ஆள் உயர டேங்க்குகளில் கலக்குவார்கள். ஒரு கலவை முடிந்து அடுத்ததைத் தொடங்கும் முன் டேங்கைக் கழுவ வேண்டும். உள்சுவரில் விரற்கடை கனத்துக்குக் கிரீம் அப்பிக்கொண்டிருக்கும். ஒருகாலத்தில் அதன்மேல் வெந்நீரைப் பீய்ச்சியடித்துக்கொண்டே இருப்பார்கள். டேங்குக்குத் தொள்ளாயிரம் லிட்டர். அண்ணனுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. "சோறு ஒட்டின சட்டிய வழிக்காம கழுவினா வீட்ல சும்மா விடுவாங்களா?" என்று எல்லோரையும் கேட்டுக்கொண்டே திரிந்தான். பிறகு, கழற்றிப்போட்ட ஒரு கதவின் ரப்பரை அறுத்து நீளமான கம்பியில் பொருத்தி, முதலில் வழித்தெடுத்துவிட்டுக் கழுவச் சொன்னான். தொள்ளாயிரம் நானூறாக இறங்கியது. யாரும் உத்தரவு போடவில்லை, யாரும் பாராட்டவும் இல்லை. கரண்டி என்ற பட்டப்பெயர் மட்டும் கிடைத்தது. அன்று என் வீட்டுக்கு வந்து, சாப்பாட்டுத் தட்டைச் சாய்த்துப் பிடித்து, கரண்டியால் வழித்துக் காட்டியே முழுக்கதையையும் சொன்னான். நானும் சிரித்துக்கொண்டே கேட்டேன்.

இரண்டு வருடம் கழித்துத்தான் நிறுவனத்துக்கு ஞானம் பிறந்தது. ஐந்தாண்டுகளில் தண்ணீர்ச் செலவை நாற்பது சதவீதம் குறைப்போம் என்று, பச்சை இலைப் படம் போட்டு அறிவித்தார்கள். குறைப்பது என்றால் எந்த வருடத்தின் அளவிலிருந்து? அதைத் தேர்ந்தெடுத்துச் சொல்லும் வேலை என்னிடம் வந்தது. அறிவித்த அந்த வருடத்தையே சொன்னேன். நிறுவனத்தின் இன்னொரு தொழிற்சாலை, புதியது, அப்போதுதான் ஓடத் தொடங்கியிருந்தது, மீட்டர் கணக்குகள் சுத்தமாக இருந்தன. நான் சொன்ன காரணம் அது. சொல்லாத காரணமும் ஒன்று உண்டு. முதல் வருடம் என்பதால் அங்கே கலவை கலவையாகக் கெட்டு, தண்ணீரைக் கணக்கில்லாமல் கொட்டியிருந்தார்கள். பள்ளத்தில் நின்றுகொண்டு அளந்தால் வெறும் தரையே மேடாகத் தெரியும். அறிக்கை பார்க்க நன்றாயிருக்கும். அப்போது எனக்கு அண்ணனுடைய கரண்டி நினைவுக்கே வரவில்லை என்று சொல்லத்தான் ஆசை. வந்தது. வெறும் வருடம்தானே, இதனால் யாருக்கு என்ன ஆகிவிடும் என்று நினைத்தேன்.

இந்த வருட அறிக்கையில் புதிய தொழிற்சாலை நாற்பத்தொரு சதவீதம் குறைத்திருந்தது. பழையது நாலு. ஆனால் ஒரு கிலோ கிரீமுக்கு எத்தனை லிட்டர் என்று பார்த்தால் கதையே வேறு. புதியதில் ஆறே முக்காலுக்கும் மேலே இருந்தது நாலு லிட்டராகியிருக்கிறது. பழையதில் அப்போதே இரண்டரைதான், இப்போது இரண்டு புள்ளி நாலு. மேற்கொண்டு குறைக்க அங்கே என்ன இருக்கிறது? அதையும் அட்டவணையாகப் போட்டிருந்தேன். வடிவமைக்கிற பெண், "மேடம், இதுல ஒரு அட்டவணையத் தூக்கினாத்தான் பக்கம் மூச்சு விடும்" என்றாள். தூக்கச் சொன்னேன். எதை என்று அவள் கேட்டபோது லிட்டர் அட்டவணையைக் காட்டினேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகவில்லை.

மீதி இருந்தது இரண்டு பச்சைத் தூண்கள், ஒன்று நெட்டை, ஒன்று குட்டை. இயக்குநர்கள் கூட்டத்தில் அதைப் பார்த்து முதலில் கை தட்டினார்கள், எனக்காக. அடுத்து, நிறுவனத் தலைவரான பெரியவர் குட்டைத் தூணில் பேனாவை வைத்து, "இவங்க நகரவே மாட்டேங்கறாங்களே" என்றார். பழைய தொழிற்சாலையில் கிரீம் பிரிவை மூடிவிட்டு எல்லாவற்றையும் புதியதற்கே கொண்டுபோகலாம் என்று பேச்சு போனது. அந்தப் பிரிவில் வேலை செய்வது இருபத்தாறு பேர். முடிவெடுக்கும் முன் அவர் என் பக்கம் திரும்பி, "கணக்குல தப்பு எதுவும் இல்லையே?" என்று கேட்டார். கைதட்டல் ஓய்ந்து ஐந்து நிமிடம்கூட ஆகியிருக்காது. "இல்ல சார்" என்றேன். கணக்கில் தப்பு இல்லைதான். மூடுவது என்று முடிவானது. அதற்குப் பிறகு நான் ஒழுங்காகத் தூங்கவில்லை.

இன்று கடைசி மீட்டர் அளவைக் குறித்துக் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது. யாரையாவது அனுப்பியிருக்கலாம். நானே வந்தேன்.

அண்ணன் எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்டு என்னைச் சுற்றிக் காட்டினான். ஒவ்வொரு குழாய்க்கும் புது வாஷர், அவனே மாட்டியது. இணைப்புகளின் கீழே வரிசையாக டப்பாக்கள், எல்லாம் காய்ந்து கிடந்தன. மூன்று வருடமாக, கை கழுவும்போதுகூடக் குழாயைத் திறந்துவிடக் கூடாது என்று ஆட்களை விரட்டியிருக்கிறான். ஆனாலும் நாலுக்கு மேல் ஏறவில்லை.

"நீ சாப்பிடலையா?"

"அவங்க சாப்பிடட்டும். நான் போனா பேச்சு நின்னுடுது." குனிந்து ஒரு டப்பாவை நேராக வைத்தான். "கரண்டி கரண்டின்னு பேரு வெச்சானுங்க, கடைசில கரண்டியே கவுத்துட்டான்னு பேசிக்கிறாங்க. பேசட்டும். நெஜந்தானே? புது ஃபேக்டரிக்காரன் நாப்பத்தொண்ணு செய்றான், என்னால முடியலையே. நான் எங்க விட்டேன்னுதான் தெரியல."

சொன்னேன். எந்த வருடத்திலிருந்து எண்ணினோம் என்பதை முதலில். லிட்டர் கணக்கைப் பிறகு. அவன் விரல்விட்டு எண்ணிப் பார்த்தான். இரண்டாவது தடவையும் எண்ணினான்.

"அப்ப நான் ரெண்டு வருஷம் சும்மா இருந்திருந்தா?"

"உங்க யூனிட்தான் முதல்ல வந்திருக்கும்."

"தொள்ளாயிரம் லிட்டர் கொட்டிக்கிட்டே இருந்திருந்தா."

"ஆமாண்ணா."

அவன் சிரித்தான். வாய் மட்டும்தான் சிரித்தது. "அம்மா அப்பவே சொல்லும், நான் அவசரக் குடுக்கைன்னு."

மீட்டர் தாளை மடித்துக்கொண்டிருந்தேன். அவன் என்னையே பார்த்தான். அந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். வழியெல்லாம் அதற்குப் பதில் தேடிக்கொண்டுதான் வந்தேன்.

"உனக்குத் தெரியும்ல பாப்பா? நான் உன் வீட்டுக்கு வந்து சொன்னேனே."

"தெரியும்."

"மூடறோம்னு பேசினாங்களே, அன்னிக்கும்?"

"தப்பு இருக்கான்னு என்னைத்தான் கேட்டாங்க. இல்லன்னு சொன்னேன்."

திட்டுவான் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் அழுதுவிட்டுப் போயிருப்பேன். அவன் குழாயின் கீழே காய்ந்து கிடந்த டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினான். எல்லாவற்றையும் அடுக்கி முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டான்.

"வா. இத அவங்ககிட்ட சொல்லு."

"அண்ணா, நான் மேல எழுதிப் பாக்கறேன். அந்த அட்டவணையோட..."

"எழுது. மொதல்ல இங்க சொல்லு. நான் சொன்னா, தங்கச்சிய வெச்சுத் தப்பிக்கப் பாக்கறான்னு சொல்லுவாங்க."

நடக்கும்போது எனக்கு என் வேலையைப் பற்றித்தான் யோசனை ஓடியது. இருபத்தாறு பேரிடம் சொன்னால் அது இன்று மாலைக்குள் மேலே போய்விடும், பெரியவர் கூப்பிட்டனுப்புவார். அப்படி யோசிக்கிறேன் என்று தெரிந்தபோது என்னை எனக்கே பிடிக்கவில்லை.

சாப்பாட்டு அறையின் கதவை அண்ணன் தள்ளினான். பேச்சு நின்றது. நீளமான பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள், பிறகு என் கழுத்தில் தொங்கிய தலைமை அலுவலக அட்டையைப் பார்த்தார்கள். சுவரோரம் இருந்த பெண்ணுக்கு என்னைவிடப் பத்து வயது கூட இருக்கும். வெந்நீரில் ஊறி ஊறி அவள் விரல்களெல்லாம் வெளுத்திருந்தன.

"கரண்டியோட தங்கச்சிதானே? ஆபீஸ்லேர்ந்து நேர்ல வந்திருக்காங்கன்னா ஏதோ நல்ல சேதிதான்" என்றாள் பக்கத்திலிருந்தவர்களிடம். "நிக்காதீங்கம்மா, உக்காருங்க."

அண்ணன் கதவருகிலேயே நின்றுகொண்டான். அவள் பெஞ்சைப் புறங்கையால் ஒருமுறை துடைத்து, தன் சாப்பாட்டு டப்பாவை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, நகர்ந்து எனக்கு இடம் விட்டாள்.